ஒரு தகவல், ஓரிடம்

ஒரு கல்லூரி தன் விவரங்களை எல்லாம் ஒரே அட்டவணையில் வைத்திருப்பதாகக் கொள்வோம். பதிவு எண், மாணவர் பெயர், பாடக் குறியீடு, பாடத்தின் பெயர், ஆசிரியர் பெயர், ஆசிரியரின் கைபேசி எண் என ஆறு நெடுவரிசைகள். இயற்பியலை 60 பேர் எடுத்தால் அந்த ஆசிரியரின் எண் 60 முறை பதிவாகும். அவர் எண்ணை மாற்றுகிறார். அலுவலகத்தில் 57 இடங்களில் திருத்திவிட்டு மூன்றை விட்டுவிடுகிறார்கள். இனி எது சரியான எண்?

இன்னொரு பாடத்தை ஒரே ஒரு மாணவர்தான் எடுத்திருக்கிறார். அவர் டி.சி. வாங்கிக்கொண்டு போனதும் அவருடைய வரிசையை அழித்தால், அந்தப் பாடத்தின் விவரமும் சேர்ந்தே அழிந்துவிடும். புதிதாக ஒரு பாடம் தொடங்கலாம் என்றாலோ, முதல் மாணவர் சேரும்வரை அதை எழுதி வைக்க இடமில்லை.

கல்லூரிகளில் ‘டி.பி.எம்.எஸ்.’ என்று சொல்லப்படும் தரவுத்தள மேலாண்மைப் பாடத்தின் உயிர்நாடி இந்த மூன்று சிக்கல்களில்தான் இருக்கிறது. பல மாணவர்கள் இதை எஸ்.கியூ.எல். கட்டளைகளை மனப்பாடம் செய்யும் பாடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டளைகள் பழகப் பழக வந்துவிடும். எந்தத் தகவலை எந்த அட்டவணையில் வைப்பது என்று முடிவெடுப்பதுதான் கடினம்.

இதற்கு அடித்தளம் இட்டவர் எட்கர் காட். இங்கிலாந்தில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அன்றைய தரவுத்தளங்களில் ஒரு விவரத்தை எடுக்க வேண்டுமானால், எந்த வழியாகப் போய்த் தேடுவது என்பதையும் நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டும். தகவலின் அடுக்குமுறையை மாற்றினால் நிரலையும் திருத்தியாக வேண்டும். 1970இல் வெளியான தன் ஆய்வுக் கட்டுரையில் காட் வேறு வழி காட்டினார். தகவல்கள் அட்டவணைகளாக இருக்கட்டும்; அவற்றிலுள்ள மதிப்புகளே ஒன்றை இன்னொன்றோடு இணைக்கட்டும்; என்ன வேண்டும் என்று மட்டும் நாம் கேட்போம், தேடுவது இயந்திரத்தின் பொறுப்பு. அப்படிக் கேட்பதற்கான மொழிதான் எஸ்.கியூ.எல். அதை ஐ.பி.எம்.மில் உருவாக்கியவர்கள் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும். எட்கர் காட் 1981இல் டூரிங் விருது பெற்றார்.

நம் அட்டவணைக்கு வருவோம். அதில் ஒரு வரிசையை அடையாளம் காட்டுவது பதிவு எண்ணும் பாடக் குறியீடும் சேர்ந்த சாவி. ஆனால், மாணவர் பெயரை அறியப் பதிவு எண் மட்டுமே போதும். பாடத்தின் பெயருக்குக் குறியீடு மட்டுமே போதும். இப்படிச் சாவியின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்திருப்பவற்றைத் தனி அட்டவணைகளாகப் பிரிப்பது, அட்டவணைகளைச் சீராக்கும் ‘நார்மலைசேஷன்’ முறையின் இரண்டாம் நிலை. கைபேசி எண்ணோ ஆசிரியரைச் சார்ந்தது, பாடத்தை அல்ல. அதையும் பிரித்தால் மூன்றாம் நிலை. கல்லூரியில் இரண்டு செந்தில்குமார்கள் இருக்கலாம் என்பதால் ஆசிரியர்களுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். கடைசியில் மாணவர், பாடம், ஆசிரியர், பதிவு என நான்கு அட்டவணைகள் கிடைக்கும். பதிவு அட்டவணையில் பதிவு எண், பாடக் குறியீடு ஆகிய இரண்டு மட்டும் இருக்கும். கைபேசி எண் ஒரே ஓரிடத்தில்தான் இருக்கும். மூன்று சிக்கல்களும் ஒழிந்தன.

வடிவமைத்தால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும். வங்கியில் ஒரு கணக்கில் 500 ரூபாய் கழிந்து, மறு கணக்கில் சேர்வதற்குள் மின்சாரம் போனால் என்ன ஆகும்? மாற்றத்தைச் செய்யுமுன் அதன் குறிப்பைத் தரவுத்தளம் ஒரு பதிவேட்டில் எழுதிவிடுகிறது. மின்சாரம் வந்ததும் அதைப் படித்து, பாதியில் நின்ற வேலையை ரத்து செய்கிறது. இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது.

இந்தப் பாடத்துக்கு உலகெங்கும் பயன்படும் பாடநூல் ஒன்றின் ஆசிரியர்கள் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன். இவர்களில் சுதர்சன் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர். அந்நூலின் அண்மைப் பதிப்புகளில் வரும் மாதிரித் தரவுத்தளமும் ஒரு பல்கலைக்கழகம்தான்.

படிக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை: போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதை நிறுவுவதற்கு முன் காகிதத்தில் உங்கள் அட்டவணைகளை வரையுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து, ‘இது எந்தச் சாவியைச் சார்ந்தது?’ என்று கேளுங்கள். விடை தெரியாத நெடுவரிசை ஒன்று இருந்தாலும், கணினியைத் திறக்காதீர்கள்.