சர்க்கரை நோய்க்குப் பாதி வைத்தியர் நீங்களே!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது, திருவானைக்காவல். அங்கே ஜம்புகேசுவரர் கோவிலில் உச்சிக்கால பூஜை பெயர் பெற்றது. அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்மனாகவே வந்து சிவனைப் பூசிப்பார். அதைக் காண நடுப்பகலில் கூட்டம் கூடும்.

சித்திரை மாதத்தில் அந்த நேரத்து வெயிலைக் கேட்கவேண்டுமா? திறந்தவெளிக் கல்தளம் தோசைக்கல்லாகக் கொதிக்கும். கால் வைத்தவர்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவார்கள்.

ஆனால் இப்படிப்பட்ட கல்தளத்திலும் சிலரால் நிதானமாக நடந்து போகமுடியும். அவர்களுக்குக் கால் சுடுவதே தெரியாது!

"எல்லாம் பக்தியின் மகிமை" என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். சிலர் விஷயத்தில் அது சர்க்கரை நோயின் வேலை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் உள்ளங்காலில் கொப்புளம் இருக்கும். பார்த்தால்தானே தெரியும்? பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை!

கால் ஏன் மரத்துப் போகிறது?

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. உடம்பு உழைப்பதற்கு அந்தச் சர்க்கரை தேவை. அதை ரத்தத்தில் இருந்து உடம்பின் உள்ளே சேர்ப்பது 'இன்சுலின்' என்ற சுரப்பு நீர். வயிற்றில் உள்ள கணையம் இதைச் சுரக்கிறது.

இன்சுலின் குறைந்தாலும், சரியாக வேலை செய்யாவிட்டாலும், சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கிவிடும். இதுதான் சர்க்கரை நோய்.

பல ஆண்டுகள் இப்படித் தேங்கினால் கண், சிறுநீரகம், இதயம், நரம்பு எல்லாம் கெடும். கால் நரம்பு கெட்டால் உணர்ச்சி போய்விடும். காலுக்கு ரத்த ஓட்டமும் குறையும்.

வலி என்பது உடம்பின் காவல்காரன். காவல்காரன் தூங்கிவிட்டால் திருடன் சுலபமாகப் புகுந்துவிடுவான் அல்லவா?

கிராமத்தில் ஆபத்து அதிகம்

திருச்சி வட்டாரத்தில் நெல்லும் வாழையும் விளையும் ஊர்கள் ஏராளம். நடவுக்கும் களையெடுப்புக்கும் வெறுங்காலுடன் சேற்றில் இறங்குகிறார்கள். வேண்டுதல் என்றால் சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போகிறார்கள். முள்ளும் கல்லும் குத்தும் இடங்கள்தான் எல்லாம்.

மரத்துப்போன காலில் முள் தைத்தால் தெரியாது. முள் புண்ணாகும். புண் சீழ் பிடிக்கும். சீழ் எலும்பு வரை போனால் விரலையோ காலையோ எடுக்கவேண்டி வரும். உழைக்கிறவர் கால் போனால் அந்தக் குடும்பத்தின் சோறே போகிறது.

"அது பணக்காரர் வியாதி" என்று யாரும் இருந்துவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ம் ஆண்டு வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்கள் 100 பேரில் 14 பேருக்கு இருந்தது. நாடு முழுவதும் கிராமத்தை மட்டும் எடுத்தாலும் 100-க்கு 9 பேர்!

சூணாம்பேடு காட்டிய வழி

கிராமத்தில் இதைச் சமாளிக்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஊர், செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள சூணாம்பேடு. அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

2006-ம் ஆண்டு, டாக்டர் வி.மோகனின் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலையைத் தொடங்கியது. கருவிகள் பொருத்திய ஒரு வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது. கண்ணையும் காலையும் சோதித்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் இணைப்புக் கொடுத்தது. கிராமத்தில் எடுத்த கண் படத்தைச் சென்னையில் இருந்த டாக்டர் பார்த்தார்!

42 கிராமங்களில் 27,014 பெரியவர்கள். அவர்களில் 23,449 பேருக்குச் சோதனை நடந்தது. நோய் உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் புத்திமதியும் கிடைத்தன. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை ஒன்று உண்டு. அந்த அளவு ஒரே ஆண்டில் 9.3-ல் இருந்து 8.5-ஆக இறங்கியது. சென்னைக்கு அனுப்பவேண்டி வந்தவர்கள் 100-க்கு 5 பேருக்கும் குறைவு.

பின்னர் தமிழக அரசும் வீடு தேடிப் போயிற்று. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே கொடுக்கும் திட்டம் அது.

மாத்திரை வாசலுக்கு வரலாம். டாக்டரை மாதம் ஒரு நாள் பார்க்கலாம். மீதி 29 நாளும் நோயாளியைப் பார்ப்பது யார்? அவரேதான்! அவர் செய்யவேண்டியது என்ன? கேளுங்கள்.

முதல் வேலை: பாதத்தைப் பார்ப்பது

இரவில் காலைக் கழுவுங்கள். விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். பிறகு விளக்கு வெளிச்சத்தில் பாதத்தைப் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம் உண்டா? குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். வீட்டில் உள்ளவர்களும் பார்த்துச் சொல்லலாம்.

"அத்தை, காலைக் காட்டுங்க."

"எதுக்கும்மா? எனக்கு வலியே இல்லையே!"

"வலி இல்லாததாலதான் பார்க்கணும், அத்தை!"

இந்தப் பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் நடக்கவேண்டும்.

செருப்பு போடும்முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கல், ஆணி இருக்கலாம். கால் ஆணியைப் பிளேடால் அறுக்காதீர்கள். இதமாக இருக்கிறது என்று வெந்நீரில் காலை வைக்காதீர்கள். வெந்துபோனாலும் தெரியாது! கோவிலுக்கு வெயில் ஏறுமுன் போங்கள், அல்லது மாலையில் போங்கள். பாதயாத்திரை போகுமுன் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்.

சிறிய புண் என்றாலும் மஞ்சளை அப்பிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

இரண்டாவது வேலை: தட்டைப் பார்ப்பது

சோற்றை அடியோடு விடவேண்டாம். மலைபோல் குவிக்கவும் வேண்டாம். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்குதான் சோறு.

திருச்சிப் பக்கத்தில் வாழைத்தண்டுக்கும் வாழைப்பூவுக்கும் பஞ்சமா? முருங்கைக்கீரையும் அவரைக்காயும் கொல்லையிலேயே காய்க்கும்.

"கேழ்வரகு நல்லது" என்று இரண்டு உருண்டைக் களி சாப்பிடுகிறார்கள். அதிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. அளவு முக்கியம். "வெள்ளைச் சர்க்கரைதானே கூடாது?" என்று வெல்லம், கருப்பட்டி, தேன் சேர்க்கிறார்கள். இவையும் சர்க்கரையை ஏற்றும். டீக்கடையில் "சீனி இல்லாமல்" என்று சொல்லப் பழகுங்கள்.

மூன்றாவது வேலை: நடப்பது

வாரத்தில் 5 நாள், தினம் அரை மணி, சற்று வேகமாக நடந்தால் போதும். செருப்பு அவசியம்.

இது நோயாளிக்கு மட்டும் அல்ல. நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் 531 பேரைச் சென்னையில் டாக்டர் அ.ராமச்சந்திரன் குழுவினர் 3 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளியாயிற்று. வழக்கம்போல் இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொள்ள உதவி பெற்றவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. தாய் தந்தையருக்கு நோய் உள்ள பிள்ளைகள் இதைக் கவனிக்கவேண்டும்!

நான்காவது வேலை: மருந்தை விடாமல் இருப்பது

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பாகற்காய்ச் சாறு குடிப்பதால் மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் தவறு. மருந்தால்தான் நன்றாக இருக்கிறது!

இன்சுலின் ஊசி என்றால் சிலருக்கு நடுக்கம். "ஊசி போட்டால் கடைசிக் கட்டம்" என்று பேச்சு. உண்மை என்ன? 1922 ஜனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில், சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அவன் பிழைத்து இன்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். ஊசி உயிரைக் காக்க வந்தது; எடுக்க வரவில்லை.

ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் மருந்துப் புட்டியை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஈர மணல் பரப்பிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள்.

ஜாக்கிரதை!

மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வயலுக்குப் போகக்கூடாது. ஏகாதசி விரதம் என்றால் முன்னதாக டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வியர்க்கும்; கை நடுங்கும்; பேச்சு குழறும். உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்ததும் உணவு சாப்பிடுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். '108'-க்குப் போன் செய்யுங்கள்.

பொதுவாக, வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இருக்கலாம். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 180-க்குள் இருக்கவேண்டும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு வேறுபடும். கண்ணையும் சிறுநீரையும் ஆண்டுக்கு ஒரு தடவை சோதிக்கவேண்டும்.

இவை எதற்கும் பெரும் பணம் வேண்டாம். பெரிய படிப்பும் வேண்டாம். வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா? இன்று இரவே அவரை விளக்கடியில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதத்தையும் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். ஒரு காலைக் காப்பாற்றலாம்!