ஊர் விட்டு ஊர் போகும் ஏவுதளம்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் முதலில் வந்து சேர்வது பந்தல் சாமான். இரும்புக் குழாய், தகரம், துணி, விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே லாரியில் வந்து இறங்கும். காலையில் நான்கைந்து பேர் வேலையைத் தொடங்கினால் மாலைக்குள் பந்தல் எழுந்துவிடும். திருவிழா முடிந்ததும் அதே பந்தல் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். விண்ணில் ராக்கெட் ஏவும் தளத்தையும் இதே போல லாரியிலும் கப்பலிலும் ஏற்றிக் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துவர முடியுமா? இன்றைய உரையில் நாம் ஆராயவிருக்கும் கேள்வி இதுதான்.

ஏவுதளம் என்றதும் வானளாவிய இரும்புக் கோபுரமும் பெரிய கான்கிரீட் மேடையும்தான் நம் மனக்கண்ணில் தோன்றும். மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய பெரிய ராக்கெட்டுகளுக்கு அவை வேண்டியிருந்தன. ஆனால் இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருடைய செயற்கைக்கோள்களை ஏற்றிச் செல்லும் தனியார் நிறுவனங்கள் பல தோன்றியுள்ளன. அவற்றில் சில, சில பத்து கிலோ முதல் சில நூறு கிலோ வரை சுமக்கும் சிறிய ராக்கெட்டுகளைச் செய்கின்றன. இவற்றுக்கு அவ்வளவு பெரிய கட்டடம் தேவையில்லை.

ஏவுதளம் செய்கிற வேலை என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அது ஐந்து வேலைகளைச் செய்கிறது. ஒன்று, படுத்த நிலையில் வரும் ராக்கெட்டை நிமிர்த்தி நிறுத்துவது. எஞ்சின்கள் முழு பலம் பெறும் வரை அதைப் பிடித்து வைத்திருந்து, பின்னர் விடுவிப்பது. இரண்டு, எரிபொருள் நிரப்புவது. பெரும்பாலும் இது மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எண்ணெயும் திரவப் பிராணவாயுவும் ஆகும். திரவப் பிராணவாயு சுழிக்குக் கீழே 183 பாகைக் குளிரில் இருப்பது. வெப்பம் புகாத இரட்டைச் சுவர்த் தொட்டியில் வைத்தாலும் அது சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். மூன்று, கீழே பாயும் தீச்சுவாலையைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது. நான்கு, புறப்படும் நொடிவரை மின்சாரமும் தகவலும் கொடுப்பது. ஐந்து, எட்ட இருந்து எல்லாவற்றையும் கண்காணித்து, தவறு நேர்ந்தால் நிறுத்துவது.

இந்த ஐந்து வேலைக்கும் வேண்டிய கருவிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடக்கிவிடலாம். கிள்ளான் துறைமுகத்துச் சாலையில் லாரிகள் இழுத்துச் செல்லும் இரும்புக் கொள்கலன்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே அளவுப் பெட்டிகள்தான். ஒரு பெட்டியில் தூக்கி நிறுத்தும் சட்டம், ஒன்றில் குழாய்களும் வால்வுகளும், ஒன்றில் மின்னாக்கி, ஒன்றில் கட்டுப்பாட்டு அறை. எரிபொருள் தொட்டி லாரிகளில் வரும். திட எரிபொருள் ராக்கெட்டாக இருந்தால் இன்னும் எளிது. அதில் எரிபொருள் முன்பே அடைக்கப்பட்டிருப்பதால், லாரியே ஏவுதளமாகிவிடும்.

சரி, ஒரே இடத்தில் வைத்து ஏவாமல் ஏன் இப்படி ஊர் ஊராகப் போகவேண்டும்? இதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் உள்ள தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. அங்கிருந்து கிழக்கே புறப்படும் ராக்கெட்டுக்கு அந்த வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. வடக்கே அலாஸ்காவிலுள்ள கோடியாக் தீவில் அது ஏறத்தாழ 900 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஆனால் வடதுருவத்தையும் தென்துருவத்தையும் சுற்றிவர வேண்டிய செயற்கைக்கோளுக்கு இந்தக் கிழக்கு வேகம் உதவாது. அதற்குக் கோடியாக்கே பொருத்தமான இடம். ஆகவே, செயற்கைக்கோள் எந்தப் பாதையில் சுற்றவேண்டுமோ அதற்கு ஏற்றபடி ஏவும் இடமும் மாறுகிறது. ஒவ்வோர் இடத்திலும் நிலையான தளம் கட்டுவதைவிட, ஒரே தளத்தை எடுத்துச் செல்வது சிக்கனம் என்பது இந்த நிறுவனங்களின் கணக்கு.

இந்த எண்ணம் புதியதன்று. 1960-களில் இத்தாலிய விஞ்ஞானி லூயிஜி புரோலியோவின் முயற்சியால் ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் மாலிந்தி நகருக்கு அருகே கடலில் ஓர் ஏவுதளம் அமைந்தது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 3 பாகையில் உள்ள இடம் அது. மிதந்து செல்லக்கூடிய இரும்பு மேடைகளைக் கடல் வழியே இழுத்துச் சென்று, எஃகுக் கால்களைக் கடலடி மணலில் ஊன்றினார்கள். சான் மார்க்கோ என்ற மேடையில் ராக்கெட் நின்றது. சாந்தா ரீத்தா என்ற மேடையில் கட்டுப்பாட்டு அறை இருந்தது. 1967-க்கும் 1988-க்கும் இடையே அங்கிருந்து ஸ்கவுட் என்னும் சிறிய திட எரிபொருள் ராக்கெட்டுகள் ஒன்பது செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றன. அவற்றுள் ஒன்று 1970 டிசம்பர் 12-ஆம் நாள் சென்றது. அன்று கென்யாவின் சுதந்திர நாள் என்பதால் அதற்கு உகுரு என்று பெயரிட்டார்கள். சுவாகிலி மொழியில் அதற்கு விடுதலை என்று பொருள்.

அடுத்து, நம் மலேசியாவோடு தொடர்புடைய ஒரு செய்தி. ஸ்பேஸ்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் முதல் சிறிய ராக்கெட்டான பால்கன்-1-ஐக் கலிபோர்னியாவிலிருந்து ஏவத்தான் முதலில் திட்டமிட்டது. அங்கே காத்திருக்க நேர்ந்ததால், பசிபிக் கடலில் குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஒமெலெக் என்ற சின்னஞ்சிறு தீவுக்குச் சாமான்களைக் கொண்டு சென்றது. தூரத்துத் தீவில் வேலை செய்வதன் தொல்லை உடனே தெரிந்தது. 2005 நவம்பரில் ஒரு வால்வு தவறான நிலையில் இருந்ததால் திரவப் பிராணவாயு வீணானது; மீண்டும் நிரப்ப ஹவாயிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. 2006 மார்ச்சில் முதல் ராக்கெட் புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் தோற்றது. எரிபொருள் குழாயிலிருந்த ஓர் அலுமினிய மரை, கடற்காற்றின் உப்பால் அரிக்கப்பட்டிருந்ததே காரணம். விடாமுயற்சியால் 2008-இல் நான்காவது ராக்கெட் வென்றது. 2009 ஜூலை 14-ஆம் நாள் ஐந்தாவது ராக்கெட் ஏற்றிச் சென்றது எதைத் தெரியுமா? நம் நாட்டின் ரசாக்சாட் செயற்கைக்கோளை. நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றவேண்டிய அதற்கு அந்தத் தீவு ஏற்ற இடமாக அமைந்தது.

பெட்டிகளில் அடங்கும் தளத்துக்கு வருவோம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்ப்பா 2018-இல் ஒரு போட்டியை அறிவித்தது. குறுகிய காலத்துக்குள், வெவ்வேறான இரண்டு ஏற்பாடுகளில் இரண்டு ராக்கெட்டுகளை ஏவிக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. இறுதியில் களத்தில் எஞ்சியது அஸ்ட்ரா என்ற ஒரே நிறுவனம். 2020 மார்ச் 2-ஆம் நாள், கோடியாக்கில், புறப்பட 53 வினாடி இருக்கும்போது கருவி காட்டிய தகவலில் ஐயம் எழுந்து நிறுத்திவிட்டார்கள். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. 2021 நவம்பரில் அஸ்ட்ராவின் ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. 2022 பிப்ரவரியில் அதே வகை ராக்கெட்டை அலாஸ்காவை விட்டுப் புளோரிடாவிலிருந்தும் ஏவினார்கள். தளம் இடம் மாறியது உண்மை. ஆனால் அந்த ராக்கெட் தோற்றது. ஏழு முறை ஏவியதில் இரண்டு முறைதான் வெற்றி. 2022 ஜூனுக்குப் பின் அந்த ராக்கெட்டைக் கைவிட்டார்கள்.

மற்ற நாடுகளிலும் முயற்சிகள் உண்டு. சீனாவின் குவாய்சோ-1ஏ என்ற திட எரிபொருள் ராக்கெட் லாரியிலிருந்தே புறப்படுகிறது. 2019 ஜூன் 5-ஆம் நாள் சீனா மஞ்சள் கடலில் மிதக்கும் மேடையிலிருந்தும் ஒரு ராக்கெட்டை ஏவியது. தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே திருவிடந்தைக் கடற்கரையில், 2024 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ரூமி-1 என்ற சிறிய சோதனை ராக்கெட் நடமாடும் மேடையிலிருந்து கிளம்பியது. இது பூமியைச் சுற்றும் பாதைக்குப் போவதன்று. மேலே சென்று திரும்பும் வகை.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பந்தலை லாரியில் ஏற்றலாம். பந்தல் போடும் திடலை ஏற்ற முடியுமா? ஏவுதளத்துக்கும் அப்படியே. கருவிகள் பெட்டியில் அடங்கும். ஆனால் ராக்கெட் பறக்கும் வழியின் கீழே ஆளற்ற கடலோ வெட்டவெளியோ இருக்கவேண்டும். ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிந்து முடிந்ததும் கழன்று விழும். அது எங்கே விழும் என்று முன்பே கணக்கிட்டு, கப்பல்களையும் விமானங்களையும் அப்பால் இருக்கச் சொல்லவேண்டும். அந்த வெற்றிடத்தை எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது.

தவறு நேரும்போது இதன் அருமை விளங்கும். 2021 ஆகஸ்டில் அஸ்ட்ராவின் ஒரு ராக்கெட் புறப்பட்டதும், ஐந்து எஞ்சின்களில் ஒன்று நின்றுவிட்டது. மேலே போகவேண்டியது, நின்ற நிலையிலேயே பக்கவாட்டில் நகர்ந்து, பிறகுதான் உயர்ந்தது. 2023 ஜனவரி 10-ஆம் நாள், பெட்டித் தளத்தையே தன் சிறப்பாகச் சொன்ன ஏ.பி.எல். நிறுவனத்தின் முதல் ராக்கெட் கோடியாக்கில் கிளம்பியது. ஏறத்தாழ 11 வினாடியில் எல்லா எஞ்சின்களும் ஒரே நேரத்தில் நின்றன. பெரும்பகுதி எரிபொருளோடு அது தளத்தருகிலேயே விழுந்து வெடித்தது. கருவிகள் சேதமாயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், சுற்றிலும் ஆட்கள் இல்லை.

இதற்கு எதிர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1996 பிப்ரவரி 15-ஆம் நாள் சீனாவின் சிச்சாங் தளத்தில், நிலையாகக் கட்டப்பட்ட பெரிய ஏவுதளத்தில், ஒரு ராக்கெட் கிளம்பியவுடன் சாய்ந்து, 22 வினாடியில் அருகிலுள்ள மலைச்சரிவில் மோதியது. ஆறு பேர் இறந்தார்கள், 57 பேர் காயமுற்றார்கள் என்பது அரசு தந்த கணக்கு. தளம் உறுதியாகத்தான் இருந்தது. பக்கத்தில் மக்கள் குடியிருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

வாணிபக் கணக்கும் எளிதாக இல்லை. 2021 ஜனவரியில் ஒரே பெரிய ராக்கெட் 143 சிறிய செயற்கைக்கோள்களைச் சேர்த்து ஏற்றிச் சென்றது. அது பேருந்துப் பயணம் போன்றது, கட்டணம் குறைவு. சிறிய ராக்கெட் வாடகைக் கார் போன்றது; நாம் சொல்லும் நேரத்தில், சொல்லும் பாதையில் போகும், ஆனால் விலை அதிகம். 2024 நவம்பரில் ஏ.பி.எல். நிறுவனம் செயற்கைக்கோள் ஏவும் வாணிபத்தையே விட்டுவிட்டது. இருந்தாலும், குறித்த நாளில் குறித்த பாதைக்குப் போகவேண்டிய செயற்கைக்கோள்கள் இருக்கும்வரை நடமாடும் தளத்துக்கும் தேவை இருக்கும்.

நேயர்களே, உலகத்தில் எந்தப் பெரிய வேலை வந்தாலும், அது நடக்கும் இடத்தில் குடியிருப்பவர்களிடம் கடைசியாகத்தான் சொல்கிறார்கள். லாரியில் வந்து இரண்டு நாளில் நிற்கும் தளமென்றால், சொல்லாமலே போய்விடவும் கூடும். ஆகவே கடற்கரைக் குடும்பமானாலும் தோட்டக் குடும்பமானாலும், கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு. ராக்கெட் எந்தத் திசையில் போகும்? கழன்ற அடுக்கு எங்கே விழும்? தவறு நேர்ந்தால் அதை யார், எங்கிருந்து நிறுத்துவார்கள்? மீனவருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் எத்தனை நாள் முன்பு அறிவிப்பார்கள்? இந்த நான்குக்கும் தெளிவான பதில் இருக்கும் இடத்தில்தான் ஏவுதளத்தின் பெட்டிகளை இறக்கவேண்டும். விஞ்ஞானம் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை அந்தப் பெட்டிகளை வடிவமைப்பவர்களாக வரலாம். அப்போதும் இந்த நான்கு கேள்விகளை அவர்கள் மறவாதிருக்க, இன்றே சொல்லிக் கொடுப்போம்.