காரை விட்டு இறங்கிய பேட்டரி

ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்தில், ஜோபன் ரயில் பாதையில் ஆடகோ என்றொரு ரயில்வே கேட் இருக்கிறது. கரன்ட் போனாலும் அங்கே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும், தடுப்புக் கம்பி இறங்க வேண்டும். இதற்காகக் கேட்டுகளில் ஈய-அமில பேட்டரி வைப்பதுதான் வழக்கம். 2021-இல் ஆடகோவில் அந்த வேலைக்கு வந்தது, நிசான் லீஃப் மின்காரிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி.

கார் ஓட்டவே போதாது என்று எடுத்ததை, உயிர் காக்கும் இடத்தில் எப்படி நம்பி வைத்தார்கள்?

லித்தியம் பேட்டரி திடீரென்று செத்துப்போவது அரிது. மெல்ல மெல்லத்தான் மூப்படையும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் பேட்டரியின் ஒரு முனையான கிராஃபைட்டுக்குள் போய்த் தங்கும். மின்சாரம் கொடுக்கும்போது மறுமுனைக்குத் திரும்பும். முதல் சார்ஜிலேயே கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அது இல்லாவிட்டால் பேட்டரியே நிலைக்காது. ஆனால் ஆண்டுகள் போகப்போக அது தடித்து, லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்கிறது. சிக்கிய லித்தியம் வேலைக்கு வராது. கொள்ளளவு குறைகிறது, உள்ளே மின்தடை கூடுகிறது. வெப்பம் அதிகமானால் இதெல்லாம் இன்னும் விரைவாக நடக்கும்.

காருக்கு இந்த மூப்பு ஏன் ஒத்துவராது என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2010-இல் வந்த முதல் லீஃபின் பேட்டரி 24 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளும். மோட்டாரின் உச்சத்திறன் 80 கிலோவாட். முழுத் திறனில் இழுத்தால் 18 நிமிடத்தில் பேட்டரி காலி! ஆனால் கொள்ளளவு 70 சதவீதமானாலும் ஏறக்குறைய 17 யூனிட் மிச்சமிருக்கிறது. பகலில் சூரிய மின்சாரத்தை வாங்கி, இரவில் நாலைந்து மணி நேரம் நிதானமாகக் கொடுப்பதற்கு அது தாராளம். தரையில் கிடக்கும் பேட்டரிக்கு எடையும் பாரமில்லை. கொள்ளளவு போதாவிட்டால் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் தெற்கே கொஷிகி தீவில், வெயிலுக்கேற்ப ஏறி இறங்கும் சூரிய மின்சாரத்தைச் சீராக்க, 2015-இல் 36 பழைய லீஃப் பேட்டரிகளை அப்படித்தான் அடுக்கினார்கள்.

உண்மையான வேலை அடுக்குவதற்கு முன்பே இருக்கிறது. ஒரு லீஃப் பேட்டரிக்குள் 48 தொகுதிகள். ஒரே வண்டியில் பூட்டிய மாடுகளைப் போல, சோர்ந்த ஒன்றின் வேகத்துக்கே மற்றவையும் நடக்க வேண்டும்: அது நிரம்பியதும் சார்ஜ் நிற்கும், அது தீர்ந்ததும் மின்சாரம் நிற்கும். எது சோர்ந்தது என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றாக அளந்தாக வேண்டும்.

அளப்பதற்கென்றே அதே ஃபுகுஷிமாவின் நாமியே ஊரில் 2018-இல் ஃபோர்ஆர் எனர்ஜி நிறுவனம் ஓர் ஆலை திறந்தது. 2011 அணு உலை விபத்தில் மக்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்ட ஊர் அது. முன்பு 48 தொகுதிகளையும் சோதிக்க 16 நாள் பிடித்தது. புதிய முறையில் 4 மணி நேரம். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் பெரிய சாதனை இதுதான். பழைய பேட்டரி மலிவாகக் கிடைக்கலாம்; சோதனைச் செலவு ஏறிவிட்டால், ஆண்டுதோறும் விலை இறங்கும் புதிய பேட்டரியே லாபமாகிவிடும். சோதனையில் முதல் தரம் பெற்றது மறுபடி காருக்கே போகும். அடுத்தது சரக்குத் தூக்கும் வண்டிகளுக்கும் பெரிய மின்சேமிப்புக்கும். கடைசித் தரம், கரன்ட் போகும்போது காவலாக இருக்கும்.

இது ஜப்பானோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் நெவாடாவில் ரெட்வுட் மெட்டீரியல்ஸ் நிறுவனம் 2025-இல் பழைய கார் பேட்டரிகளைக் கொண்டு 63,000 யூனிட் சேமிக்கும் அமைப்பை நிறுவி, சூரிய மின்சாரத்தை ஒரு தரவு மையத்துக்குக் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது. பேட்டரி எதனால் ஆனது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரம் அதோடேயே வரும். வாங்குபவர் சோதனையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.