தரவுப் பண்டசாலை

வியாபார ஸ்தாபனம் ஒன்றின் கணக்கு, சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம் ஆகியவை இக்காலத்தில் பெரும்பாலும் பேரேடுகளில் இல்லை. கணினியின் டிஸ்க்குகளிலேயே உறைகின்றன. அவை எங்ஙனம் காக்கப்படுகின்றன என்பதை வர்த்தகமும் விஞ்ஞானமும் பயிலும் மாணாக்கர் ஓரளவேனும் அறிதல் நலம்.

1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணினியோடு முதலாவது டிஸ்க் யந்திரத்தை வெளியிட்டது. இரண்டடி அகலமுள்ள 50 தட்டுகள் அதிற் சுழன்றன. அத்துணைப் பெரிய யந்திரம் கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்துக்களே. 1988-இல் பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சார்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர், மலிவான சிறு டிஸ்க்குகள் பலவற்றைப் பிணைத்தால், ஒன்று பழுதுறினும் எஞ்சியவற்றினின்று தரவை மீட்கலாம் என விளக்கினர்.

பின்னர்ப் பெரிய ஸ்தாபனங்கள் நெடுங்காலம் கைக்கொண்ட முறை மூன்றடுக்கினது. கணக்கிடும் சர்வர்கள் ஒருபுறம். டிஸ்க்குகள் நிறைந்த சேமிப்புப் பேழை மறுபுறம். இரண்டையும் இணைக்கும் தனி வலைப்பின்னல் நடுவே. ஒவ்வோர் அடுக்கையும் விற்பவர் வேறு, பேணுவோரும் வேறு. வேலை தடைப்படின் ஒருவர் மற்றவரைச் சுட்டித் தாம் விலகிக்கொள்வதற்கு இது மிக வசதியான ஏற்பாடு.

கூகிள் நிறுவனத்தார் வேறு வழி கண்டனர். சாதாரணக் கணினிகளையே திரளாக அமைத்து, கோப்புகளை 64 மெகாபைட் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் மூன்று கணினிகளில் வைக்கும் தம் முறையை 2003-இல் வெளியிட்டனர். அப்பணியில் ஈடுபட்டிருந்த மோஹித் ஆரோன், தீரஜ் பாண்டே, அஜீத் சிங் என்பாருடன் சேர்ந்து 2009-இல் நுட்டானிக்ஸ் என்னும் நிறுவனத்தைக் கலிபோர்னியாவில் தொடங்கினார். அது விற்ற அமைப்பிற்கு ஹைப்பர்கன்வர்ஜ்ட் என்று பெயர் வழங்கலாயிற்று. 'முற்றொருங்கிய அமைப்பு' என்று யாம் கூறுவோம். இதனினும் நற்சொல் உளதேல் தமிழாசிரியர்கள் அருள்வாராக.

இவ்வமைப்பில் தனிப் பேழை இல்லை. கணக்கிடும் ஒவ்வொரு சர்வரும் தன் டிஸ்க்குகளைப் பொதுவில் வைக்கிறது. மென்பொருள் அவையனைத்தையும் ஒரே களஞ்சியமாகக் காட்டுகிறது. எழுதப்படும் தரவு இரண்டு அல்லது மூன்று சர்வர்களில் பதிந்த பின்னரே 'எழுதியாயிற்று' என விடை வரும். ஒரு சர்வர் வீழ்ந்தால், மற்றவை தம்மிடமுள்ள படியினின்று புதுப்படி எடுக்கும்.

இரண்டே சர்வர்கள் போதாவோ எனின், போதா. இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், ஒவ்வொன்றும் மற்றது மாண்டதென எண்ணித் தனித்தனியே கணக்கெழுதும். பிறகு எது மெய்க்கணக்கு என்பதை எவரும் துணியவியலாது. ஆதலின் பெரும்பான்மை காண மூன்றாமதொன்று வேண்டும். அஃது இயலாவிடத்து வேறிடத்தில் ஒரு சாட்சிக் கணினியேனும் வேண்டும்.

குறையும் உண்டு. இரு படி வைப்பின் வாங்கிய இடத்திற் பாதியே பயன்படும். இடம் மட்டும் வேண்டுவோரும் பெரும்பாலும் முழுச் சர்வரையே வாங்க நேர்கிறது.

இவற்றினும் பெரிது, படிகள் பல இருத்தலையே காப்பென மயங்குதல். குமாஸ்தா ஒருவர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அவ்வழிவும் எல்லாப் படிகளிலும் உடனே நிகழும். ஆகவே முந்திய நாட்களின் பிரதி தனியே, வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும். 2021 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்தடுக்குத் தரவு மாளிகை எரிந்தழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, எனினும், பிரதியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.