டெபியன் பொதிகளை யார் படித்துப் பார்க்கிறார்கள்?

ஆப்ட் இன்ஸ்டால் என்று தட்டியதும் மென்பொருள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை யாராவது பிரித்துப் பார்த்தார்களா? ரொம்ப நாள் இந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை. சின்னக் கருவி ஒன்றை நானே பொதியாக்கி அனுப்பின பிறகுதான் வந்தது.

டெபியனுக்குள் முதல்முறை வரும் பொதி 'நியூ' என்ற வரிசையில் காத்திருக்கும். சிறு தன்னார்வலர் குழு ஒன்று அதைச் சோதிக்கும். நிரல் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதைவிட உரிமத்தைத்தான் குடைவார்கள். ஒவ்வொரு கோப்பும் யாருடையது, என்ன உரிமம் என்று காப்பிரைட் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். என் பொதியில் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று, அதன் மூல வடிவம் இல்லாமல் கிடந்தது. திரும்பி வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். (ஜேசன் உரிமத்தில், நல்லதுக்கே பயன்படுத்து, தீயதுக்குக் கூடாது என்று ஒரு வரி உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகிறதே, அதனால் டெபியன் அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்பதில்லை.)

இந்தக் கெடுபிடியெல்லாம் முதல் முறைக்குத்தான். ஒருதரம் உள்ளே போய்விட்டால், புதுப் பெயரில் துணைப்பொதி எதுவும் சேர்க்காதவரை, அடுத்தடுத்த பதிப்புகளை டெபியன் உறுப்பினர் தன் சாவியால் கையொப்பமிட்டு நேரே ஏற்றிவிடலாம். இன்னொருவர் படித்தே ஆகவேண்டும் என்று விதி இல்லை.

இதில் என்ன ஆபத்து என்பதற்கு ஓபன்எஸ்எஸ்எல் கதைதான் சாட்சி. 2006 செப்டம்பரில் வந்த டெபியன் பதிப்பில் இரண்டு வரிகளை எடுத்திருந்தார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி அந்த இடத்தில் எச்சரிக்கை காட்டியது, அதை நிறுத்தத்தான். ஆனால் அதில் ஒரு வரி, தற்போக்கு எண்களுக்கான விதையைக் கலக்கும் வரி! அது போனதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். அதற்கு 32,768 மதிப்புகள்தான் இருக்க முடியும். அதாவது ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்துக்கு உருவாகும் சாவிகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்தே எல்லாவற்றையும் கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை, டெபியனிலும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவிலும் இது ஓடிக்கொண்டிருந்தது. மூல ஓபன்எஸ்எஸ்எல்லில் இந்தக் கோளாறே இல்லை. நாம் போட்ட ஒட்டில்தான் ஓட்டை.

அடுத்தது 2024 மார்ச், எக்ஸ்இசட். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சில வருஷம் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0 பதிப்பில் கொல்லைப்புற வழி வைத்தார். நஞ்சு சோதனைக் கோப்புகளுக்குள் இருந்தது. அதைத் தூண்டும் துண்டு கிட் களஞ்சியத்தில் கிடையாது, வெளியீட்டு டார் கோப்பில் மட்டும். களஞ்சியத்தை வரிவரியாகப் படித்தவருக்கும் சிக்கியிருக்காது. எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் பிராயிண்ட் கவனித்துத் தோண்டியதால் பிழைத்தோம். அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகள்வரை வந்துவிட்டது. நிலையான பதிப்புக்குப் போகவில்லை.

பலரும் தாண்டிப் போகும் இடம் ஒன்று இதில் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்ஹெச் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை! பிறகு எப்படி மாட்டியது? சர்வர் தயார் என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதற்காக டெபியன் ஒரு ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டு லிப்சிஸ்டம்டியை இழுத்தது, அது லிப்எல்இசட்எம்ஏவை இழுத்தது. பாதையைப் போட்டுக் கொடுத்தது இங்கேயும் ஒட்டுதான். டெபியன் மட்டுமல்ல, வேறு சில வழங்கல்களும் இதையே செய்திருந்தன.

அதனால் இப்போதெல்லாம் ஒரு பொதியைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் டெபியன் அடைவுக்குள் இருக்கும் பேட்சஸ் அடைவைத்தான் திறக்கிறேன். ஒவ்வொரு ஒட்டின் தலையிலும் என்ன, ஏன், மூல ஆசிரியருக்கு அனுப்பியாச்சா என்று எழுதும் வழக்கம் உண்டு. 'ஃபார்வர்டட்: நோ' என்று இருந்தால் அங்கே நிறுத்தி நிதானமாகப் படிப்பேன். வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும் ஒட்டுகள் நிறைய, எல்லாம் ஆபத்தும் இல்லை.

சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்ல அந்த நூலகமே தேவையில்லை, சில பத்து வரிகள் போதும். 2024 ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8-இல் மூல ஆசிரியர்களே அதை எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.