மஞ்சள் விளக்கு எரிந்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள்!

கார் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, ''பி0420 கோடு வருது சார், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போச்சு. மாத்திடலாம்'' என்கிறார். தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

புகைக்குழாயில் இருக்கும் கன்வெர்ட்டர், இன்ஜினிலிருந்து வரும் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கருவி. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் விலை அதிகம். பி0420 என்பது, 'கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லையோ' என்ற சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. புகைக்குழாயில் சின்ன ஓட்டை விழுந்தாலும், ஆக்ஸிஜன் சென்ஸார் பழுதானாலும் இதே கோடு வரலாம்.

மெக்கானிக்கிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்:

* குழாயில் கசிவு இருக்கிறதா?

* இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்ஸாரின் அளவு சீராக இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் நலம். ஓயாமல் ஏறி இறங்கினால் சந்தேகம் வலுக்கிறது.

* ஸ்பார்க் பிளக் கோளாறோ, இன்ஜின் ஆயில் குறைவதோ உண்டா? அதைச் சரிசெய்யாவிட்டால் புது கன்வெர்ட்டரும் கெட்டுவிடும்.

பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையலாம். கோளாறு அப்படியேதான் இருக்கும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் தாமதிக்காதீர்கள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய், அதைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, மெக்கானிக்கை அழையுங்கள்.