விவிலியப் படிப்புக்கு இணையம் தரும் துணை

13 ஆம் நூற்றாண்டிலே, பாரிஸ் மாநகரில், ஹியூ என்னும் துறவியின் தலைமையில் டொமினிக்கன் சபையார் பலர் கூடி ஒரு வேலையைத் தொடங்கினர். இலத்தீன் விவிலியத்தில் ஒரு சொல் எந்தெந்த இடங்களில் வருகின்றது என்று தேடிக் குறித்துவைக்கும் வேலை அது. அச்சுப்பொறி ஐரோப்பாவில் தோன்றுமுன்னரே பிறந்த அந்தச் சொல்லடைவு, பின்னர் எழுந்த பலவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. 1737 இல் அலெக்சாந்தர் குரூடன் என்பவர் ஆங்கில விவிலியத்துக்கு ஒன்று ஆக்கினார். 1890 இல் ஜேம்ஸ் ஸ்ரோங் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வெளியிட்ட சொல்லடைவோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னே நிற்கும் மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் அவர் ஓர் எண் கொடுத்தார். எபிரேயத்துக்கு 8674 வரையும் கிரேக்கத்துக்கு 5624 வரையும் அவ்வெண்கள் செல்லும். மூலமொழியின் எழுத்தைக்கூட அறியாத ஒருவர், எண்ணைப் பிடித்துக்கொண்டு மூலச் சொல்லை அடைய அது வழிசெய்தது.

இருகையாலும் தூக்கவேண்டிய அந்தப் பெருநூல் இன்று கைத்தொலைபேசிக்குள் அடங்கிவிட்டது, விலையும் இல்லை. பைபிள் ஹப், புளூ லெற்றர் பைபிள், கேம்பிறிட்ஜ் நகரிலுள்ள ரின்டேல் இல்லம் என்னும் ஆய்வு நிலையத்தார் அமைத்த ஸ்ரெப் பைபிள் ஆகிய இணையத்தளங்களில் எவரும் அதனைக் காணலாம். ஒரு வசனத்தைத் தெரிந்துகொண்டால் மூலச் சொற்களும், அவற்றின் ஆங்கிலப் பொருளும், ஸ்ரோங்கின் எண்களும் தோன்றும். எண்ணைத் தொட்டால் அச்சொல் வரும் இடங்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஸ்ரெப் பைபிளைக் கணினியில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பின்னர் இணையத் தொடர்பின்றியே பயன்படுத்தலாம். தொடர்பு விட்டுவிட்டு வரும் ஊர்களிலுள்ளோர்க்கு இது பெருவசதி.

இக்கருவியின் ஆற்றலையும் அதிலுள்ள இடரையும் ஒருங்கே காட்டும் பகுதி யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரம். உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவை நோக்கி, தம்மீது அன்பு உண்டோ என்று மும்முறை வினவுகின்றார். முதல் இரு வினாக்களிலும் ‘அகப்பாவோ’ என்னும் கிரேக்க வினைச்சொல் நிற்கின்றது. அதன் எண் 25. பேதுரு கூறும் மூன்று விடைகளிலும் வருவதோ ‘ஃபிலேயோ’. அதன் எண் 5368. மூன்றாம் வினாவில் இயேசுவும் ஃபிலேயோ என்பதையே கையாள்கின்றார். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான். படிப்பவர் வேறுபாட்டை உணர வழியில்லை. ஆனால் 1871 இல் போவர் ஐயர் தலைமையில் நிறைவேறிய தமிழ் மொழிபெயர்ப்பு, முன்னதை ‘அன்பாயிருத்தல்’ என்றும் பின்னதை ‘நேசித்தல்’ என்றும் பிரித்தே காட்டுகின்றது. தமிழ் வாசகர் பலர் கவனியாது கடந்துசெல்லும் நுட்பம் இது.

இனி இடர் யாதெனில், இந்த வேறுபாட்டைக் கண்டவுடன் அதன்மேல் ஒரு கோட்டையே கட்டிவிடுவதுதான். அகப்பாவோ என்பது தெய்வீகத் தூய அன்பு. ஃபிலேயோ என்பது மனிதரிடையே உள்ள வெறும் நட்பு. பேதுருவால் முன்னதற்கு உயர முடியவில்லை. இயேசு அவருக்காக இறங்கி வந்தார் என்று பிரசங்கங்களிற் சொல்லப்படுவதுண்டு. கேட்பவர்களும் தங்கள் அன்பு கீழ்த்தரத்ததோ என்று கலங்கி வீடு திரும்புவர். எண்ணை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால் அந்தக் கலக்கத்துக்கு இடமே இராது. தந்தை மகன்மீது கொண்ட அன்பைக் கூற, இதே யோவான் 3 ஆம் அதிகாரம் 35 ஆம் வசனத்தில் அகப்பாவோ வருகின்றது. 5 ஆம் அதிகாரம் 20 ஆம் வசனத்தில் ஃபிலேயோ வருகின்றது. மனிதர் ஒளியைவிட இருளை விரும்பியதைச் சொல்லும் 3 ஆம் அதிகாரம் 19 ஆம் வசனத்திலும் அகப்பாவோதான். பழைய ஏற்பாட்டின் பண்டைக் கிரேக்க மொழிபெயர்ப்பிலோ, தாமாரைக் கெடுத்த அம்னோனின் இச்சைக்கும் அச்சொல்லே வழங்குகின்றது. தூய்மை அச்சொல்லின் நிலையான பொருள் அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? அதே உரையாடலில் ஆட்டைக் குறிக்கவும் மேய்ப்பதைக் குறிக்கவும் யோவான் வெவ்வேறு சொற்களை மாற்றி மாற்றி ஆள்கின்றார். இதுவும் அவ்வாறான நடை வேறுபாடே என்பது அறிஞர் பலரின் கருத்து. சொல்லின் பொருளை அகராதி மட்டும் தருவதில்லை. அது நிற்கும் இடமே தருகின்றது. சொல்லடைவின் மெய்யான பயனும் அவ்விடங்களை ஒன்றுகூட்டிக் காட்டுவதேயாம்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் அகராதிகளும் உரைகளும் பெரும்பாலும் பதிப்புரிமை கழிந்தவை, ஆதலினாலேயே விலையில்லை. தேயர் என்பவரின் கிரேக்க அகராதி 1889 ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு. எகிப்தின் மணலிலிருந்து கிடைத்த பழைய கடிதங்களையும் கடன்சீட்டுகளையும் கொண்டு, புதிய ஏற்பாட்டின் மொழி அக்காலத்துப் பொதுமக்களின் மொழியே என்று டைஸ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் விரிவாக எழுதிய பெருநூல் வெளிவந்ததோ 1908 இல். தேயர் நல்லறிஞர்தாம், ஆனால் அந்த ஆராய்ச்சியின் பயன் அவருக்குக் கிட்டவில்லை. ஆகவே நூல் எந்த ஆண்டினது என்று பார்த்துக்கொள்வது நன்று.

மூலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் ஈடாகும் என்னும் வினா யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியது. கோவில்களில் அது நிலைபெறவில்லை என்பது வேறு கதை. இன்று தமிழ் விவிலியத்தைக் கையில் வைத்திருப்பவர், அதிகார எண்ணையும் வசன எண்ணையும் கொண்டே மேற்சொன்ன தளங்களிற் புகலாம். சங்கீதங்களில் மட்டும் சிறிது விழிப்பு வேண்டும். கிரேக்க, இலத்தீன் மரபில் பெரும்பாலானவற்றின் எண் ஒன்று குறைந்து நிற்கும்.

அச்சிட்ட நூலிலிருந்து கையெழுத்துச் சுவடிக்கும் செல்ல இணையம் வழிதிறந்துள்ளது. 4 ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட சீனாய்ச் சுவடியின் ஏடுகள் இலண்டன் பிரித்தானிய நூலகம், லைப்சிக் பல்கலைக்கழக நூலகம், ரஷ்ய தேசிய நூலகம், சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடம் ஆகிய நான்கு இடங்களிற் சிதறிக் கிடக்கின்றன. 2009 இல் அவை யாவும் ஒரே இணையத்தளத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. அங்கே மாற்கு நற்செய்தியின் கடைசி ஏட்டைத் திறந்து பார்க்கலாம். கல்லறையிலிருந்து பெண்கள் அஞ்சி ஓடும் 16 ஆம் அதிகாரம் 8 ஆம் வசனத்தோடு எழுத்து நின்றுவிடுகின்றது. தமிழ் விவிலியத்திலுள்ள மேலும் 12 வசனங்கள் அங்கே இல்லை. எழுத்தர் அந்தப் பத்தியின் எஞ்சிய பகுதியை வெறுமையாக விட்டு, அடுத்த பத்தியில் லூக்காவைத் தொடங்கியிருக்கின்றார்.